அரசன் வெறுத்தவனுக்கு மருந்தில்லை

மருத்துவக் கல்லூரிகளில் இப்போது கோட்டு மாட்டிவிடுவதற்கென்றே ஒரு விழா நடக்கிறது. முன்பெல்லாம் பிள்ளைக்கு எம்.பி.பி.எஸ். சீட்டு கிடைத்ததும் அப்பா டெய்லர் கடைக்குக் கூட்டிப்போய் இரண்டு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுப்பார். அத்தோடு சரி. இன்றைக்கு ஆடிட்டோரியம், ஃபிளெக்ஸ், குத்துவிளக்கு, அதை ஏற்றுவதற்கு மெழுகுவர்த்தி தேடும் பேராசிரியர், சால்வை, நினைவுப் பரிசு, ஒன்றரை மணி நேரம் பிந்தி வரும் சிறப்பு விருந்தினர். பெற்றோர் வரிசையில் செல்போன்கள் உயரும். மைக்கில் ஒருவர் உறுதிமொழியைத் துண்டு துண்டாகப் படிக்க, பிள்ளைகள் வலக்கையை நீட்டிக்கொண்டு திரும்பச் சொல்லும். தூத்துக்குடியாக இருந்தால் கடைசியில் ஒரு மக்ரூன் பொட்டலமும் டீயும் உண்டு. துறைமுகத்து உப்புக்காற்றில் பாலியெஸ்டர் கோட்டு முதுகோடு ஒட்டிக்கொள்ள, மனசெல்லாம் குளிர்ந்து எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள்.

ஏதோ ஆதிகாலத்துச் சடங்கு போலத் தோன்றும். அதெல்லாம் இல்லை. 1993-ல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆர்னால்டு கோல்டு என்ற குழந்தை நரம்பியல் மருத்துவர் ஆரம்பித்துவைத்தது. படித்து முடித்துப் போகும்போது உறுதிமொழி எடுப்பது காலங்கடந்த காரியம், உள்ளே வரும்போதே எடுக்கட்டும் என்று நினைத்தார். நல்ல மனிதர், நல்ல நினைப்பு. இதற்கிடையில் 2007-ல் பிரிட்டனில், கோட்டுக் கையில் கிருமி தொற்றிக்கொண்டு வார்டு வார்டாகப் போகிறது, முழங்கைக்குக் கீழே துணியே கூடாது என்று சொல்லி டாக்டர்களின் கோட்டைக் கழற்றச் சொன்னார்கள். அவர்கள் கழற்றிப் போட்டதை நாம் குத்துவிளக்கு வைத்து மாட்டிக்கொள்கிறோம். போகட்டும். கோட்டில் ஒட்டும் கிருமியைப் பற்றி அல்ல இந்தக் கட்டுரை.

2022 ஏப்ரல் 30-ஐ நினைவுபடுத்துகிறேன். மதுரை மருத்துவக் கல்லூரி, முதலாமாண்டு மாணவர்களுக்குக் கோட்டு விழா. மேடையில் இரண்டு அமைச்சர்கள், பழனிவேல் தியாகராஜனும் மூர்த்தியும். மாணவர்கள் ஹிப்போகிரடீஸ் உறுதிமொழிக்குப் பதிலாக ‘மகரிஷி சரகர் சபதம்’ எடுத்துவிட்டார்கள். வந்தது பிரளயம். மறுநாளே டீன் காத்திருப்போர் பட்டியலுக்கு அனுப்பப்பட்டார். தமிழ்நாட்டில் ஒரு டீனை ஒரே நாளில் தூக்க என்ன நடக்க வேண்டும்? ஆக்சிஜன் தீர வேண்டாம், பிரசவ வார்டில் ஒரே கட்டிலில் இரண்டு பேர் படுக்க வேண்டாம், ஸ்கேன் மெஷின் மாதக்கணக்கில் கெட்டுக் கிடக்க வேண்டாம். தப்பான காகிதத்தைப் பார்த்துப் படித்தால் போதும். சமஸ்கிருதத்தில் படித்தார்கள் என்று ஒரு தரப்பு. இல்லை, ஆங்கிலத்தில்தான் படித்தோம், தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்திலிருந்து எடுத்தது என்று மாணவர்கள். ஒரு வாரம் ஆவதற்குள் டீன் திரும்ப அதே நாற்காலியில் உட்கார்ந்தார். விழாவும் முடிந்தது, விழாவைப் பற்றிய விழாவும் முடிந்தது.

டெல்லியிலிருந்து சபதத்தைத் திணிப்பதை எதிர்த்ததில் எனக்குச் சண்டை இல்லை. திணிப்பு திணிப்புதான். என் எரிச்சல் வேறு. அந்த ஒரு வாரம் முழுக்க யார் பெயரில் சத்தியம், எந்த மொழியில் சத்தியம் என்றே தொலைக்காட்சியில் கத்தினார்கள். சத்தியத்துக்குள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் திறந்து பார்த்த மாதிரித் தெரியவில்லை.

திறந்து பார்ப்போம். முதலில் கிரேக்கர். பழைய ஹிப்போகிரடீஸ் உறுதிமொழி அப்போலோ என்ற கடவுள்மேல் ஆணையிட்டுத் தொடங்கும் (கிரீம்ஸ் ரோட்டில் இருப்பது வேறு அப்போலோ). குருவின் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் மருத்துவம் கற்றுக் கொடு என்கிறது. தனியார் கல்லூரி சீட்டுக்கு நிலத்தை விற்ற அப்பாக்கள் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது இதைச் சத்தம்போட்டுப் படிக்க முடியாதாகையால், நம் ஊரில் எடுப்பதெல்லாம் சலவை செய்து மடித்த புதுப் பிரதிதான். சரகர் பக்கம் வந்தால், ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையின் விமானஸ்தானம் எட்டாம் அத்தியாயத்தில், அக்கினி சாட்சியாக குரு சீடனுக்குச் சொல்லும் கட்டளைகள் இருக்கின்றன. தாடி வளர்த்துக்கொள், உண்மையே பேசு, மாமிசம் சாப்பிடாதே, ஆயுதம் தரிக்காதே. அப்படியே விட்டிருந்தால் தூத்துக்குடி ஹாஸ்டல் பையன் முதல் சாயங்காலமே பொரிச்ச பரோட்டாவுக்கும் சால்னாவுக்கும் முன்னால் சத்தியம் தவறியிருப்பான். ஆகவே ஆணையம் திருத்தியது. பெண் நோயாளியைக் கணவரோ நெருங்கிய உறவினரோ கூட இருந்தால்தான் ஆண் மருத்துவர் பார்க்க வேண்டும் என்ற சங்கதியை மட்டும், 2022-ம் வருஷத்தில், பத்திரமாக வைத்துக்கொண்டது.

திருத்தும்போது ஒரு வரி மாயமாயிற்று. மூலத்தில் குரு சொல்கிறார்: அரசன் வெறுப்பவனுக்கும், அரசனை வெறுப்பவனுக்கும் மருத்துவம் பார்க்காதே.

இதை நீக்கியதற்காக ஆணையத்தை யாரும் பாராட்ட வேண்டியதில்லை. நம் நாட்டில் ஏட்டிலிருந்து அடித்த வரிகள்தான் நடைமுறையில் ஆயுள் கெட்டி. சாதியையும் லஞ்சத்தையும் காகிதத்தில் அடித்த மாதிரியே இதையும் அடித்தார்கள். மாணவன் கையை நீட்டிச் சொல்லும் பத்துப் பன்னிரண்டு உறுதிமொழிகளில் எது காற்றில் போனாலும், சொல்லாமல் விட்ட இந்த ஒன்று மட்டும் ராத்திரி டூட்டியில் வரி பிசகாமல் கடைப்பிடிக்கப்படுகிறது.

சாத்தான்குளம் எங்கள் தூத்துக்குடி மாவட்டம்தான். 2020 ஜூன் 19, கொரோனா ஊரடங்கு. செல்போன் கடையை நேரத்துக்கு அடைக்கவில்லை என்று ஜெயராஜைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அப்பாவைத் தேடிப்போன பென்னிக்ஸையும் உள்ளே வைத்துக்கொண்டார்கள். தரையில் உருண்டு புரண்டதில் ஊமைக்காயம் என்று போலீஸ் எழுதியது. மறுநாள் சாத்தான்குளம் அரசு மருத்துவமனை. இருவரையும் ரிமாண்டு செய்யலாம், உடல் தகுதியாக இருக்கிறது என்று அங்கே சான்றிதழ் கிடைத்தது. அந்தக் காகிதம் மாஜிஸ்திரேட்டிடம் போனது, ரிமாண்டு ஆனது. அங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, கோவில்பட்டி கிளைச் சிறை. 22-ம் தேதி இரவு மகன் செத்தார். 23-ம் தேதி விடியுமுன் அப்பா.

ரத்தத்தில் நனைந்து போகப் போக லுங்கியை மாற்றவேண்டியிருந்தது, அடர் நிறத்தில் கொண்டுவரச் சொன்னார்கள் என்று உறவினர்களும் நண்பர்களும் சொன்னார்கள். அடர் நிறம். வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மாணவன் வார்டுக்குள் நுழைந்ததும் கற்பது நான்கு படி: பார், தொட்டுப் பார், தட்டிப் பார், ஸ்டெத் வைத்துக் கேள். முதல் படி பார்ப்பது. நோயாளியின் சட்டையைக் கழற்றாமல் வயிற்றைப் பரிசோதித்தேன் என்று சொன்னால் எக்ஸாமினர் அவனைப் பெயில் போட்டு அனுப்புவார். மறுபடி உட்கார்ந்து எழுத வேண்டும். அதே மாணவன் டாக்டராகி, போலீஸ் கூட்டிவந்த ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் எந்த எக்ஸாமினரும் கேட்க மாட்டார். லுங்கியின் ஈரத்தைப் பார்க்க எம்.பி.பி.எஸ்.கூட வேண்டாம். பெட்டிக்கடை அண்ணாச்சி பார்த்தாலே, “என்னவே இது, ஆளு இப்படி நிக்கான்?” என்று கேட்பார்.

எப்படி நடக்கிறது என்பதை ஜி.எச். காரிடாரில் ஒரு ராத்திரி பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காஷுவாலிட்டியில் ஒரே ஒரு டூட்டி டாக்டர், பக்கத்தில் ஹவுஸ் சர்ஜன், ஒரு நர்ஸம்மா. பைக் விபத்து ஒன்று, மூச்சுத்திணறல் ஒன்று, பூச்சிமருந்து குடித்த பெண் ஒன்று. அப்போது ஜீப் வரும். இரண்டு போலீஸ்காரர்கள் நடுவில் ஒரு ஆள். தோளைப் பிடித்திருப்பது தாங்குவதற்கா தடுப்பதற்கா என்று சொல்ல முடியாது. ரைட்டர் கையில் ஃபைல். “டாக்டரம்மா, ஒரு கையெழுத்துதான். மாஜிஸ்திரேட் கிளம்பிடுவாரு.” பாரத்தில் பெயர், வயது, அங்க அடையாளம் இரண்டு, எல்லாம் ஏற்கெனவே பூர்த்தி. மச்சம் எங்கே இருக்கிறது என்று எழுத இடம் விட்டிருக்கிறார்கள். காயம் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரே வரி. “அடிச்சாங்களா?” என்று கேட்கவேண்டியது டாக்டர். கேட்கும்போது போலீஸ் வெளியே நிற்கவேண்டும். நிற்பதில்லை. டாக்டர் வெளியே போகச் சொல்வதுமில்லை. நாளைக்கு யாராவது குடித்துவிட்டு வந்து காஷுவாலிட்டிக் கண்ணாடியை உடைத்தால் இதே ஸ்டேஷனுக்குத்தானே போன் போட வேண்டும்?

அந்த இளம் டாக்டரின் பயம் எனக்குப் புரிகிறது. மன்னிக்க முடியாதது, அந்தப் பயத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேடையில் கோட்டு மாட்டிவிடும் கல்வி. டி.கே. பாசு வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பரிசோதிக்க வேண்டும், கைதாகும்போதே உடம்பில் இருந்த காயங்களைக் குறிப்பெடுக்க வேண்டும். உலக மருத்துவச் சங்கம் 1975-ல் டோக்கியோவில் கூடி, சித்திரவதைக்கு மருத்துவர் எந்த வகையிலும் துணைபோகக் கூடாது என்று பிரகடனம் போட்டது. காயத்தைப் பார்த்து இது அடியா விழுந்ததா என்று எப்படி எழுதுவது என்பதற்கு, இஸ்தான்புல் நெறிமுறை என்று ஐ.நா. ஒரு கையேடே வைத்திருக்கிறது. சட்டம் டாக்டரைப் போலீசுக்கும் கைதிக்கும் நடுவில் சாட்சியாக நிறுத்தியிருக்கிறது. இதை எந்தக் கோட்டு விழாவிலாவது மைக்கில் ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ‘உன்னதமான தொழில்’ என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். ‘உயிர் காக்கும் தெய்வங்கள்’ என்பதையும்.

உண்மையான சடங்கு ஆடிட்டோரியத்தில் நடப்பதில்லை. அது ஹாஸ்டலில், ராத்திரி. சீனியர் முன்னால் நிற்கும் முதலாமாண்டுப் பையன் தன் சட்டையின் மூன்றாவது பட்டனை மட்டும் பார்க்க வேண்டும். முகத்தை நிமிர்த்தக் கூடாது. ‘தேர்டு பட்டன்’ என்று அதற்குப் பெயரே இருந்தது. 1996 நவம்பரில் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் பொன்.நாவரசு என்ற முதலாமாண்டு மாணவனைச் சீனியர் கொன்று துண்டு துண்டாக வெட்டினான். 1997-ல் தமிழ்நாடு ராகிங்குக்கு எதிராகச் சட்டம் போட்டது. சட்டம் வந்தது, போஸ்டர் வந்தது, பட்டன் போகவில்லை. வார்டு ரவுண்ட்ஸில் சீஃப் சொன்னால் சரி. போஸ்ட்கிராஜுவேட் திட்டினால் சரி. தப்பான டோஸ் எழுதியிருக்கிறதே என்று ஹவுஸ் சர்ஜன் வாயைத் திறந்தால் முழு யூனிட்டும் அவனைத் திரும்பிப் பார்க்கும். ஐந்தரை வருஷம் இப்படிப் பட்டனையே பார்த்துப் பழகிய கண், ஒரு நாள் இன்ஸ்பெக்டர் முன்னால் திடீரென்று நிமிருமா?

நம் கல்லூரிகளில் பொருளுள்ள சடங்கு ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அனாடமி ஹாலில் உடலை முதன்முதலாகத் தொடுவதற்கு முன்னால் மாணவர்கள் நின்று, கொடுத்தவருக்கு நன்றி சொல்லி உறுதி எடுப்பது. ஃபார்மலின் நெடியில் கண் எரிய நிற்கும் அந்த இரண்டு நிமிஷத்தில் நடிப்பு குறைவு. விருந்தினர் யாரும் வருவதில்லை, அதனால் இருக்கலாம். அங்கேயும் ஒரு உறுத்தல் உண்டு. மேசைமேல் கிடப்பவர் சில சமயம் எவரும் உரிமை கோராத ஆள். பஸ் ஸ்டாண்டில் கிடந்தபோது அவரைத் தூக்க ஸ்ட்ரெச்சர் வர எத்தனை நேரம் ஆனது என்று அந்த உறுதிமொழியில் இல்லை.

கடற்கரைக்கு வருகிறேன், ஏனென்றால் சடங்கு விஷயத்தில் எங்கள் ஊருக்கு அனுபவம் அதிகம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிக்கப் போகும்போது கூடவே கடல்கட்டி போவார். சுறா வராமல் மந்திரம் சொல்லிக் கடலைக் கட்டுவது அவர் வேலை. அவர் வராமல் குளியாள் தண்ணீரில் இறங்க மாட்டான். அக்கரையில், இலங்கையில், ஆங்கிலேய அரசே இந்த மந்திரக்காரரைச் சம்பளப் பட்டியலில் வைத்திருந்ததாக, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னன்ட் எழுதியிருக்கிறார். சுறாவுக்கு மந்திரம் கேட்குமா என்று துரைகள் ஆராயவில்லை, ஆள் இறங்கினால் அவர்களுக்குப் போதும். அதற்கும் ஐந்நூறு வருஷம் முன்னால் இந்தக் கரையைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோ, முத்தில் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரர்களுக்குப் போகும் என்கிறார். கூடவே இன்னொன்றும் சொல்கிறார்: அந்தக் கட்டு பகலுக்கு மட்டும்தான். பொழுது சாய்ந்ததும் அவர்களே மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்கள். ராத்திரியில் மீன் தன் விருப்பம்போல் நடந்துகொள்ளலாம்.

1961-ஓடு இங்கே முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. கட்டும் அவிழ்ப்பும் நிற்கவில்லை. காலை பத்து மணிக்குக் குத்துவிளக்கு முன்னால் கட்டுகிறோம்; ராத்திரி டூட்டிக்கு அவிழ்த்துவிடுகிறோம். ஒரே வித்தியாசம், அன்றைய மந்திரம் சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொன்னது. இன்றையது டாக்டரின் வாயைக் கட்டுகிறது.

நடைமுறை இதுதான் என்று ஆகிவிட்டபின், விழாவையும் அதற்கு ஏற்றாற்போல் மாற்றிவிடலாம் என்பது என் தாழ்மையான யோசனை. கோட்டை இன்ஸ்பெக்டரே மாட்டிவிடட்டும். யாருக்காக உழைக்கப்போகிறோம் என்பது முதல் நாளே தெரிந்துவிடும். மேல் பாக்கெட்டில் கையெழுத்திட்ட பாரம் ஐந்து, கீழ் பாக்கெட்டில் ரப்பர் ஸ்டாம்பும் மைப்பெட்டியும். நிறக்குருடு கண்டுபிடிக்க இஷிஹாரா என்று ஒரு படப் புத்தகம் இருக்கிறதல்லவா, அதை வைத்துப் பரிசோதித்து, கருநீல லுங்கியில் சிவப்பைப் பிரித்துப் பார்க்க முடிகிற மாணவர்களை அங்கேயே கழித்துவிடலாம். நீட் தேர்வைவிட நம்பகமான வடிகட்டி. அடித்துவிட்ட அந்த ராஜ வரியையும் மரியாதையாக உள்ளே சேர்த்துவிடலாம். சமஸ்கிருதத்திலா தமிழிலா என்ற சண்டையும் மிச்சம், எந்த மொழியில் எழுதினாலும் இதை மட்டும் எல்லோரும் கடைப்பிடிப்பார்கள்.

தென்னாப்பிரிக்காவிலும் இந்த வரியைக் கடைப்பிடித்தார்கள். 1977-ல், நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஸ்டீவ் பிகோவைப் போலீஸ் மண்டையில் அடித்துப்போட்டபின் பார்க்க வந்த டாக்டர் ஐவர் லாங், கோளாறு ஒன்றும் தென்படவில்லை என்று சான்றிதழ் எழுதினார். அரைகுறை நினைவோடு கிடந்த பிகோவை நிர்வாணமாக லேண்ட்ரோவரில் ஏற்றி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு பிரிட்டோரியாவுக்குப் போனார்கள். செப்டம்பர் 12-ல் செத்தார். அந்நாட்டு மருத்துவக் கவுன்சில், விசாரிக்கவே ஒன்றுமில்லை என்று கையைத் துடைத்துக்கொண்டது. கேப்டவுன் பேராசிரியர் பிரான்சிஸ் ஏம்ஸும் இன்னும் சில டாக்டர்களும் தங்கள் சொந்தக் கவுன்சில்மேலேயே வழக்குப் போட்டு இழுத்த பிறகுதான், 1985-ல் லாங்கும் உடன் இருந்த டாக்டர் டக்கரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. எட்டு வருஷம். அதைச் சாதித்தது எந்த விழாவிலும் எடுத்த சத்தியம் அல்ல. சக டாக்டர்மேல் புகார் கொடுக்கத் துணிந்த ஒரு சில டாக்டர்கள்.

சாத்தான்குளத்தில் நிமிர்ந்து பார்த்தவர் ஒருவர் உண்டு. ஆனால் அவர் எம்.பி.பி.எஸ். படித்தவர் இல்லை. அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர் ரேவதி. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனுப்பிய மாஜிஸ்திரேட் பாரதிதாசனிடம், விடிய விடிய அடித்ததையும், லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்ததையும் சொன்னார். வெளியே சக போலீஸ்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வாக்குமூலத்தில் கையெழுத்திட முதலில் தயங்கினார். பாதுகாப்புக்கு உறுதி கொடுத்தபின் போட்டார். அவருக்கு யாரும் குத்துவிளக்கு ஏற்றவில்லை. ஹிப்போகிரடீஸையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, சரகரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பயந்துகொண்டேதான் போட்டார், போட்டார்.

அடுத்த கோட்டு விழாவுக்கு அவரைச் சிறப்பு விருந்தினராக அழைக்கலாமே என்று கல்லூரிகளுக்குச் சொல்லலாம்தான். ஆனால் தலைமைக் காவலருக்கு மேடையில் நாற்காலி போட்டால், கீழே முன்வரிசையில் எஸ்.பி. உட்கார்ந்திருப்பதா நிற்பதா என்று புரோட்டோகால் ஃபைல் ஒன்று கலெக்டர் ஆபீசுக்குப் போகும். சால்வை பட்டா பருத்தியா என்று ஒரு குறிப்பு சேரும். ஃபைல் திரும்பி வருவதற்குள் அமைச்சரின் கார் பைபாஸைத் தாண்டியிருக்கும், மக்ரூன் ஆறு கிலோவுக்கு ஆர்டர் கொடுத்தாகியிருக்கும்.